வரியைத் தூக்கி ஒட்டினால் சான்று ஆகிவிடாது!

கட்டுரையில் மேற்கோள் நிறைய இருந்தால் மார்க்கும் நிறைய வரும் என்று உனக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். முதலில் அதை மற. பத்து மேற்கோள் போட்டு, அதில் ஒன்றுகூடக் கருத்தோடு ஒட்டாமல் அந்தரத்தில் தொங்கும் கட்டுரைகளைப் படித்துப் படித்து அக்காவுக்குக் கண் பூத்துவிட்டது.

ஒரு பாத்திரம் இப்படிப்பட்டது என்று சொன்னால், அதை நூலிலிருந்தே காட்ட வேண்டும். எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதில்தான் பாதிப் பேர் வழுக்குகிறீர்கள். பிளஸ் டூ தேர்வு, பி.ஏ. அசைன்மெண்ட், செமினார், புத்தக விமர்சனம் என்று எதற்கு எழுதினாலும் இதே கதைதான்.

உதாரணத்துக்குச் சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்கிறேன். கதை உனக்குத் தெரியும் என்பதால் எனக்குப் பாதி வேலை மிச்சம். அதோடு, சான்றைச் சரியாகப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பதை அதைவிட நன்றாகக் காட்டும் நூல் நம்மிடம் இல்லை. உனக்கு நேரம் இல்லை, தெரியும். அதனால் வளவளவென்று இழுக்காமல் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. கருத்து முதலில், வரி பிறகு

புத்தகத்தைத் திறந்து, அழகான வரி கண்ணில் பட்டதும் அதை எழுதிக்கொண்டு, பிறகு அதற்கு ஏற்ற கருத்தைத் தேடுகிறாயே, அது தலைகீழ் வேலை. முதலில் உன் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுது.

அந்த வாக்கியம் ‘கண்ணகி கற்புக்கரசி’ என்று இருக்கக் கூடாது. அது கருத்து இல்லை, பட்டம். யாரும் மறுக்காத ஒன்றுக்குச் சான்று எதற்கு? ‘கோவலன் நல்லவன், ஆனால் கெட்டவன்’ என்பதும் வேண்டாம். அதற்கு எந்த வரியைப் போட்டாலும் பொருந்தும்.

இப்படி எழுதிப் பார்: ‘பாண்டியன் சபையில் கண்ணகி திடீரென்று வேறு பெண்ணாக மாறிவிடவில்லை. தன் மனதுக்குச் சரியில்லாததை மறுத்துப் பேசும் குணம் அவளிடம் முன்பே இருந்தது.’

இதைப் படிக்கிறவர் ‘அப்படியா? எங்கே காட்டு’ என்று கேட்பார். அப்படிக் கேட்க வைப்பதுதான் கருத்து. தேட வேண்டியது என்னவென்றும் இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது: சபைக்கு வருவதற்கு முன்பே அவள் மறுத்துப் பேசிய இடங்கள். தேடும் வேலை முக்கால்வாசி குறைந்தது, பார்த்தாயா?

2. முப்பது காதையையும் புரட்டாதே

மூன்று காண்டம், முப்பது காதை. தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டு உட்காராதே. எந்தப் பாத்திரமானாலும் ஐந்து வகை இடங்களைப் பார்த்தால் போதும்:

- முதன்முதலில் அறிமுகமாகும் இடம்
- ஒரு முடிவு எடுக்கும் இடம்
- எதையாவது இழக்கும் இடம்
- தன்னைவிடப் பெரியவர், வலியவர் முன்னால் பேசும் இடம்
- பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருக்கும் இடம்

கண்ணகிக்கு 1, 2, 9, 16ஆம் காதைகளையும் 18 முதல் 23 வரையும் பார். மாதவிக்கு 3, 7, 8, 13. அவளுடைய பிற்கால முடிவைத் தெரிந்துகொள்ள 27. கோவலனுக்கு 2, 7, 9, 13, 15, 16. இதை அப்படியே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள். நாவலாக இருந்தால் படிக்கும்போதே அந்தந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடு. நூலகப் புத்தகத்தில் வேண்டாம், துண்டுச் சீட்டு வை.

ஐந்தாவது வகையை மட்டும் யாரும் பார்ப்பதே இல்லை. இரண்டாம் காதையில் கோவலன் கண்ணகியை வர்ணித்துத் தள்ளுகிறான். அவள் பதில் என்று ஒரு வார்த்தை அங்கே இல்லை. அந்த மௌனமும் நூலில் உள்ளதுதான். அதையும் சான்றாகக் காட்டலாம்.

3. ‘யார் சொன்னது?’ என்று கேட்காமல் வரியைத் தொடாதே

அக்கா பார்த்ததிலேயே அதிகம் பேர் செய்யும் தப்பு இது. நூலில் இருக்கிறது என்பதற்காக எல்லாமே ஆசிரியர் கருத்து ஆகிவிடாது. ஆசிரியர் கூற்றா, அந்தப் பாத்திரமே சொன்னதா, இன்னொரு பாத்திரம் சொன்னதா என்று முதலில் பிரி. இன்னொருவர் சொன்னது என்றால், அவருக்கு என்ன தெரியும், எந்த மனநிலையில் சொன்னார் என்று பார்.

மேலே சொன்ன வர்ணனையையே எடுத்துக்கொள். கண்ணகி எவ்வளவு அழகு என்பதற்கு அதைச் சான்றாக எழுதுகிறார்கள். அதைவிட, கோவலனுக்குப் பேச்சு எவ்வளவு இனிக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. அப்படிப் பேசியவன் அடுத்த காதையிலேயே மாதவியின் மாலையை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். அதோடு சேர்த்துப் படித்தால் அந்த வர்ணனை வேறு மாதிரி கேட்கும்.

அடைக்கலக் காதையில் மாடலன் என்ற மறையவன் கோவலனின் நற்செயல்களை அடுக்குகிறான். மதயானையிடம் சிக்கிய முதியவரை மீட்டது, கீரியைக் கொன்ற பெண்ணின் பாவம் தீரப் பொருள் கொடுத்து, பிரிந்த குடும்பத்தைச் சேர்த்து வைத்தது, பொய்ச்சாட்சி சொன்னதால் பூதத்திடம் உயிரிழந்தவனின் சுற்றத்தைக் காப்பாற்றியது. மூன்றும் நல்ல சான்றுதான். ஆனால் சொல்பவன் கோவலனை நேரில் பார்த்து, அவன் படும் துன்பத்துக்கு வருந்திப் பேசுகிறான். ‘மாடலன் வாயிலாக அறிகிறோம்’ என்று ஒரு சொல் சேர்த்துவிடு. உன் கட்டுரைக்கு உடனே ஒரு நிதானம் வரும்.

வேட்டுவ வரியில் தெய்வம் ஏறிய சாலினி கண்ணகியை வானளாவப் புகழ்கிறாள். ‘கண்ணகி பெருமைக்குரியவள்’ என்று அதை மட்டும் எடுத்து ஓடிவிடாதே. அந்தப் புகழைக் கேட்ட கண்ணகி, மூதாட்டி ஏதோ தெரியாமல் பேசுகிறாள் என்று சொல்லிவிட்டுக் கணவனுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறாள். கண்ணகியைப் பற்றி எழுத வந்த உனக்கு, சாலினி கொட்டிய புகழைவிட அந்தக் கூச்சம்தான் வேண்டும்.

பொன்னியின் செல்வன் நந்தினி பற்றி எழுதுகிறவர்களுக்கும் இதுவே மருந்து. அவளுடைய பிறப்பைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதை மட்டும் உண்மையென்று பிடித்துக்கொண்டு எழுதினால், நாவல் உன்னைப் பார்த்துச் சிரிக்கும்.

4. பின்னால் மாற்றிச் சொல்லியிருக்கிறாரா என்று பார்

கனாத்திறம் உரைத்த காதையில் கோவலன் வீடு திரும்பியதும் மாதவியை வஞ்சகி என்று பேசுகிறான். ‘மாதவி வஞ்சகி’ என்று கட்டுரை எழுதுகிறவர்கள் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நான்கு காதை தள்ளி, புறஞ்சேரி இறுத்த காதைக்குப் போ. அங்கே கௌசிகன் கொண்டுவந்த மாதவியின் ஓலையைப் படித்துவிட்டு, அவள் குற்றமற்றவள், தப்பு தன்னுடையது என்று அதே கோவலன் உணர்கிறான். அந்த ஓலையைத் தன் பெற்றோரிடமே கொடுக்கச் சொல்லி அனுப்புகிறான்.

இப்போது முதல் வரியை மட்டும் காட்டினால் அது சான்று இல்லை, கோள் மூட்டுவது. இரண்டையும் சேர்த்துக் காட்டினால், கோவலன் எவ்வளவு அவசரமாகத் தீர்ப்புச் சொல்கிறவன் என்ற புதுக் கருத்தே கிடைக்கும்.

ஒரு குறுக்குவழி: நீ எடுத்த வரியில் இருக்கும் இரண்டு பெயர்களும் அடுத்து எங்கே சந்திக்கிறார்கள், அல்லது ஒருவரைப் பற்றி ஒருவர் எங்கே பேசுகிறார்கள் என்று ஒருமுறை தேடு. பத்து நிமிஷ வேலை.

5. வரியைப் பாதியில் வெட்டாதே

நம் கருத்துக்கு மிக முக்கியமான இடம் கொலைக்களக் காதை. மாதரி தந்த வீட்டில் கண்ணகி சமைத்துப் போடுகிறாள். சாப்பிட்ட கோவலன், தான் செய்ததை நினைத்து வருந்திப் பேசுகிறான். அப்போதுதான் அவள் வாய் திறக்கிறாள். நீ இல்லாததால் விருந்து போற்றும் கடமையை இழந்தேன், உன் பெற்றோர் வந்தபோது துன்பத்தை மறைத்துச் சிரித்தேன், அந்தப் பொய்ச் சிரிப்பு அவர்களுக்குப் புரிந்து வருந்தினார்கள், சான்றோர் செய்யாததை நீ செய்தாய் என்ற பொருளில் சொல்கிறாள்.

அடேயப்பா, எவ்வளவு நல்ல சான்று! ஆனால் அங்கேயே நிறுத்தினால் நீ ஏமாற்றுகிறாய். அதே மூச்சில், நான் மாறாத வாழ்க்கை உடையவள், அதனால்தான் நீ கிளம்பு என்றதும் கிளம்பி வந்தேன் என்றும் சொல்லி முடிக்கிறாள். மறுத்துப் பேசுகிறவளும் அவள்தான், கூடவே வருகிறவளும் அவள்தான். முதல் பாதியை எடுத்து ‘புரட்சிப் பெண்’ என்று ஒருவர் எழுதுவார். பின் பாதியை எடுத்து ‘அடங்கிய மனைவி’ என்று இன்னொருவர் எழுதுவார். நீ முழுசாக எடு. கருத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்: ‘கண்ணகி கணவனை விட்டு விலகாமலே அவன் தப்பைச் சொல்லத் தெரிந்தவள்.’ முதலில் எழுதியதைவிட இது நன்றாக இல்லை?

சான்றுக்குத் தகுந்தபடி கருத்தை மாற்றிக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். கருத்துக்குத் தகுந்தபடி சான்றை வெட்டுவதற்குத்தான் வெட்கப்பட வேண்டும்.

6. முத்தா, மாணிக்கமா?

இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள். மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

பாண்டியன் ஏன் தவறினான்? அரசியின் சிலம்பு காணவில்லை. அதே மாதிரிச் சிலம்பு ஒருவன் கையில் இருக்கிறது என்று பொற்கொல்லன் சொல்கிறான். பார்வைக்கு ஒத்துப்போனது, அவ்வளவுதான். அந்தச் சிலம்பு கோவலனுக்குச் சொந்தமாக இருந்தாலும் அப்படித்தான் தெரியும், திருடியதாக இருந்தாலும் அப்படித்தான் தெரியும். இரண்டுக்கும் பொருந்துவதை வைத்துக்கொண்டு ஒன்றை முடிவு செய்தான். கண்ணகியோ உள்ளே இருக்கும் பரலைக் கேட்டாள். தன்னுடையதில் மாணிக்கம், அரசியுடையதில் முத்து. சிலம்பை உடைத்ததும் விஷயம் முடிந்தது.

உன் சான்றையும் அப்படிச் சோதித்துப் பார். ‘என் கருத்து தப்பாக இருந்தாலும் இந்த வரி இப்படித்தானே இருக்கும்?’ என்று கேள். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அது பலமில்லாத சான்று.

- கண்ணகி மறுத்துப் பேசுகிறவள் என்பதற்கு, அவள் கோவலனைத் தேடி மதுரைத் தெருவில் அழுதுகொண்டு போனதைக் காட்டாதே. கணவனை இழந்த எந்தப் பெண்ணும் அழுவாள்.
- ஒன்பதாம் காதையில் தோழி தேவந்தி, சோமகுண்டம் சூரியகுண்டம் இரண்டிலும் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு சேரலாம் என்கிறாள். அது தனக்குப் பெருமை இல்லை என்று கண்ணகி சட்டென மறுத்துவிடுகிறாள். அடங்கிப் போகும் குணம் என்றால் இந்தப் பதில் வந்தே இருக்காது. இது மாணிக்கப் பரல்.
- கோவலன் பொருளெல்லாம் போயிற்று என்று சொல்லும்போது, புன்னகையோடு சிலம்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். இதை அவளுடைய பெருந்தன்மை என்றும் படிக்கலாம். மாதவிக்குக் கொடுக்கத்தான் பணமில்லாமல் வந்திருக்கிறான் என்று நினைத்துக் கொடுத்தாள் என்றும் உரைகள் சொல்லும். இரண்டு பக்கமும் சாயும் இடம். எடுக்கலாம், ஆனால் முதல் சான்றாக வைக்காதே.

7. பாட்டு வாக்குமூலம் இல்லை

கானல்வரியில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அதைக் கேட்ட மாதவி, அவன் மனதில் வேறு யாரோ இருக்கிறாள் என்று எண்ணி, தானும் வேறொருவனை நினைத்தவள்போலப் பாடுகிறாள். அவன் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். ஒரு கதையே அங்கே திரும்புகிறது.

இன்றைக்கும் நீ அதே தப்பைச் செய்கிறாய். பாத்திரம் பாடியது, நடித்துக் காட்டியது, கிண்டலாகச் சொன்னது, கனவில் கண்டது எல்லாவற்றையும் அதன் மனசுக்கு நேரடிச் சான்றாகப் போடுகிறாய். போடாதே. ‘மாதவி இந்த நேரத்தில் இப்படிப் பாடுவதைத் தேர்ந்தெடுத்தாள்’ என்பது சான்று. பாட்டுக்குள் இருக்கும் தலைவியின் புலம்பலை மாதவியின் புலம்பல் என்று எழுதுவது சான்று இல்லை. சிறுகதையில் கதைசொல்லி ‘நான்’ என்று பேசினால் அதை எழுத்தாளரின் சொந்தக் கதையாக்குவதும் இதே குற்றம்தான்.

8. மூன்று போதும், ஆனால் மூன்று இடத்திலிருந்து

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படிக்குச் சரி. பாத்திரத்துக்குச் சரிப்படாது. மனுஷி காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி இருப்பாள். ஒரே காட்சியிலிருந்து நான்கு வரி எடுத்தால் அது நான்கு சான்று ஆகாது. ஒன்றையே நான்கு முறை சொன்னதுதான்.

நம் கருத்துக்கு மூன்று இடம் பார்:

- தோழியிடம் மறுத்தது (காதை 9)
- கணவனிடம் குறை சொன்னது (காதை 16)
- அரசனிடம் வாதாடியது (காதை 20)

பார்த்தாயா, தோழி, கணவன், அரசன் என்று எதிரே இருப்பவர் ஒவ்வொரு படியாக உயர்கிறார். இந்த வரிசையே பாதி வாதத்தைச் சொல்லிவிடுகிறது. இடையில் சொந்தமாக ஒரு பெரிய விளக்கம் தேவையில்லை.

வழக்குரை காதையிலும் கவனமாக எடு. ‘கோபத்தில் கத்தினாள்’ என்பதற்கு மட்டும் வரி எடுத்து வைக்கிறார்கள். அவள் பேச்சின் ஒழுங்கைப் பார். தன்னைச் சொல்லும் முன் தன் ஊரைச் சொல்கிறாள். புறாவுக்காகத் தன்னையே தந்த சோழனும், பசுவின் கண்ணீர் பார்த்து மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனும் ஆண்ட ஊர் என்கிறாள். நீதி தவறியவன் முன்னால் நீதி காத்தவர்களை நிறுத்திவிட்டுத்தான் வழக்கையே தொடங்குகிறாள். வெறும் ஆத்திரக்காரிக்கு இது வராது.

9. எதிர்ச் சான்றை ஒளித்து வைக்காதே

உன் கருத்துக்கு எதிராக நிற்கும் இடம் எது என்று படிக்கிறவருக்குத் தெரியும். நீ சொல்லாவிட்டால் ‘இவளுக்குத் தெரியவில்லை’ அல்லது ‘மறைக்கிறாள்’ என்று நினைப்பார். இரண்டும் உனக்கு நல்லதில்லை.

‘மாதவிக்குப் பண ஆசை இல்லை’ என்று எழுதுகிறாயா? அரங்கேற்று காதையில் அரசன் தந்த பரிசு ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன். அந்த விலைக்கு மாலையை வாங்குபவனே அவளை அடைவான் என்று கூனி ஒருத்தியை மாலையோடு தெருவில் நிறுத்தியதும் அதே காதையில்தான். அதை நீயே எடுத்துச் சொல். அது கணிகையர் குலத்தின் வழக்கம் என்பதைக் காட்டு. பிறகு கடிதங்களுக்கு வா. கோவலன் வாங்க மறுத்த பிறகும் அவனுக்கு இரண்டாம் முறை எழுதுகிறாள். அவன் இறந்த பிறகு, மகள் மணிமேகலையைக் கணிகை வாழ்வில் விடக் கூடாது என்று தாய் சித்திராபதியிடம் சொல்லிவிட்டதாக நீர்ப்படைக் காதையில் மாடலன் வழியாகத் தெரிகிறது. இப்போது மாலை உனக்கு எதிரி இல்லை. அவள் எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தாள் என்பதற்கு அதுவே முதல் படி.

கண்ணகியைப் பற்றி எழுதினால் மதுரை எரிந்ததைத் தாண்டிப் போகவே முடியாது. போகாதே. வஞ்சின மாலையில் தீக்கடவுள் யாரை விட வேண்டும் என்று கேட்க, பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் என்று அவள் வரிசை சொல்கிறாள். அதையும் எழுது. அந்தப் பட்டியலில் இல்லாத சாதாரண ஊர்க்காரன் கதி என்ன என்று கேட்பார்கள், அதையும் மழுப்பாதே. எதிர்க்கேள்வியை எழுதி அதற்கு இரண்டு வரி பதிலும் எழுதினவருக்குத்தான் மார்க்.

10. சினிமாவில் பார்த்தது சிலப்பதிகாரம் இல்லை

1942இல் வந்த ‘கண்ணகி’ படமும் 1964இல் வந்த ‘பூம்புகார்’ படமும் பாட்டியிலிருந்து பேத்தி வரை எல்லார் மனசிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் படங்களின் வசன வேகத்தில், அதையே சபையில் கண்ணகி சொன்னதாகப் பரீட்சைத் தாளில் எழுதி வைக்கிறார்கள். வசனம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இளங்கோவடிகள் எழுதியது இல்லை, கண்ணு.

- படம், நாடகம், தெருக்கூத்து, பாட்டி சொன்ன கதை எதுவும் நூலுக்குச் சான்று ஆகாது.
- மணிமேகலை வேறு நூல். அங்கே இருக்கும் மாதவியைச் சிலப்பதிகாரக் கட்டுரையில் எடுத்தால், எங்கிருந்து எடுத்தாய் என்று சொல்.
- ஒரே எழுத்தாளர் என்றாலும் இரண்டு நூலைக் குழப்பாதே. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில் வரும் பெண்ணும் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலின் கங்காவும் ஒரே சம்பவத்திலிருந்து கிளம்பினாலும், அதற்குப் பின் நடப்பது வேறு வேறு. சிறுகதையின் தாயை வைத்து நாவலின் தாயைத் தீர்மானிக்க முடியாது.

11. உரை வேறு, மூலம் வேறு

உரை படிக்காமல் சிலம்பு புரியாது. படி. ஆனால் அடியார்க்குநல்லார் சொன்ன விளக்கத்தை இளங்கோ சொன்னதாக எழுதாதே. அவர் உரையும் நூல் முழுவதற்கும் நமக்குக் கிடைக்கவில்லை. பிற்கால உரையாசிரியர்கள் சில இடங்களில் வேறு மாதிரிப் பொருள் சொல்வார்கள். உரையிலிருந்து எடுத்தால் ‘உரையாசிரியர் கருத்து’ என்று ஒரு வார்த்தை போட்டுவிடு.

வாட்ஸ்அப்பிலும் போனிலும் சுற்றும் வரிகளை நம்பவே நம்பாதே. ஒரு சீர் மாறியிருக்கும், இல்லாவிட்டால் வேறு நூலின் வரியாக இருக்கும். எடுத்த வரியை அச்சுப் புத்தகத்தில் ஒருமுறை சரிபார். காதைப் பெயரும் வரி எண்ணும் அப்போதே குறித்துக்கொள். பதிப்புக்குப் பதிப்பு எண் ஒன்றிரண்டு தள்ளி வரலாம் என்பதால் எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துக் குறி. ‘பிறகு குறித்துக்கொள்ளலாம்’ என்று விட்டால், கடைசி நாள் ராத்திரி அதைத் தேடியே விடிந்துவிடும்.

12. சின்னதாக எடு, நிறையப் பேசு

இருபது வரி மேற்கோள், அதற்குக் கீழே ‘இதன்மூலம் அறியலாம்’ என்று அரை வரி. இதைப் பார்த்தாலே திருத்துகிறவருக்குக் கை நடுங்கும். இதன்மூலம் எதை அறியலாம், எப்படி அறியலாம் என்று நீதானே சொல்ல வேண்டும்?

இரண்டு வரி, அதிகம் போனால் நான்கு வரி எடு. அதைவிட இரண்டு மடங்கு விளக்கம் எழுது. விளக்கத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்:

- இடம்: யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது
- எது சான்று: அந்த வரியில் எந்தச் சொல் அல்லது செயல் உன் கருத்தைக் காட்டுகிறது
- எப்படி: அது ஏன் உன் கருத்துக்குப் பொருந்துகிறது, மற்றதற்கு ஏன் பொருந்தவில்லை

இப்படி எழுதாதே: ‘தேவந்தி நீராடச் சொன்னபோது கண்ணகி மறுத்தாள். இதன்மூலம் அவளது கற்பின் சிறப்பை அறியலாம்.’

இப்படி எழுது: ‘கணவன் பிரிந்த துயரிலும் தீக்கனவு கண்ட அச்சத்திலும் இருக்கும் கண்ணகியிடம், அவள் நலம் விரும்பும் தோழியே வழி சொல்கிறாள். ஒப்புக்கொள்வது எளிது. ஆனால் அவள் விளக்கம் எதுவும் சொல்லாமல் மிகச் சுருக்கமாக மறுக்கிறாள். அது பலிக்காது என்று சொல்லவில்லை, தனக்குப் பெருமை இல்லை என்கிறாள். தனக்கு எது தகும் என்பதைத் தானே தீர்மானிக்கும் இந்தப் பண்புதான் பின்னால் சபையில் உரக்கக் கேட்கிறது.’

வரியை மனப்பாடமாக எழுத வரவில்லையா? பரவாயில்லை. தப்பும் தவறுமாக மேற்கோள் குறிக்குள் எழுதுவதைவிட, காதைப் பெயரைச் சொல்லி உன் சொல்லில் நிகழ்ச்சியைச் சரியாகச் சொல்வது நூறு மடங்கு மேல்.

நேரமே இல்லை என்கிறவர்களுக்கு

தாளைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு சான்றின் பக்கத்திலும் இந்த ஐந்தையும் கேட்டு டிக் போடு:

- யார் சொன்னது என்று எழுதியிருக்கிறேனா?
- இந்த வரிக்கு முன்னும் பின்னும் இருக்கும் பத்து வரியைப் படித்தேனா?
- என் கருத்து தப்பாக இருந்தால் இந்த வரி பொருந்தாமல் போகுமா? (அப்போதும் பொருந்தினால் நீக்கிவிடு.)
- மூன்றும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவையா?
- எனக்கு எதிரான ஓரிடத்தையாவது சொன்னேனா?

இரண்டுக்கு மேல் டிக் விழாத சான்றைத் தயங்காமல் அடி. ‘கஷ்டப்பட்டுத் தேடினேனே அக்கா’ என்று கண்ணைக் கசக்காதே. நீ கஷ்டப்பட்டது உனக்கும் எனக்கும்தான் தெரியும். தாளைத் திருத்துகிறவருக்குத் தெரிவது பொருந்துகிறதா, இல்லையா என்பது மட்டும்தான். ஐந்து சான்றில் இரண்டு போய் மூன்று மிஞ்சினால், அந்த மூன்றுக்கும் விளக்கம் எழுத இடம் கிடைத்தது என்று சந்தோஷப்படு. போ, முதலில் அந்த ஒரு வரிக் கருத்தை எழுதி முடி.